கரை திரும்பாத மாலுமி: ஜப்பான் கதவு திறந்த வரலாறும் சிங்கப்பூரும்



ஜப்பானின் நிலப்பிரபுத்துவச் சமுதாயம் அயல்நாட்டு வாணிகத்திற்குத் தன் கதவைத் திறந்து, நவீன நாடாக மாறிய வரலாற்றைப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறார்கள். பொங்கோலில் கூடியிருக்கும் தமிழர்க்கு ஜப்பானிய வரலாறு எதற்கு என்று உங்களுள் சிலர் எண்ணலாம். எனக்கும் முதலில் அந்த ஐயம் இருந்தது. ஆனால் இந்த மண்டபத்திலிருந்து வடக்கே சென்றால் பொங்கோல் முனைக் கடற்கரை. தென்மேற்கே சில கிலோமீட்டர் சென்றால் ஹவ்காங்கில் ஜப்பானிய இடுகாட்டுப் பூங்கா. தரைவீடுகளுக்கு நடுவே, மரநிழலில், 910 கல்லறைகளோடு அமைதியாகக் கிடக்கும் இடம் அது. நான் சொல்லவிருக்கும் வரலாற்றின் தொடக்கமும் முடிவும் இவ்விரண்டு இடங்களிலும் இருக்கின்றன. ஆகவே டோக்கியோவுக்கோ கியோட்டோவுக்கோ உங்களை அழைத்துச் செல்லாமல், பெரும்பாலும் நம் அண்டை அயலிலேயே நின்று இக்கதையைச் சொல்ல முற்படுகிறேன். கதைத் தலைவன் ஷோகனும் அல்லன், சக்கரவர்த்தியும் அல்லன். ஒட்டோகிச்சி என்ற கப்பற்பையன்.

அவன் பிறந்த ஜப்பான் எத்தகையது என்பதை முதலில் பார்ப்போம். 1630களில் தொக்குகாவா ஷோகன்கள் அடுத்தடுத்துப் பிறப்பித்த ஆணைகளால் ஜப்பானின் கதவுகள் மூடப்பட்டன. 1635ஆம் ஆண்டு ஆணைப்படி ஜப்பானியர் அயல்நாடு செல்வதும், சென்றவர் திரும்பி வருவதும் மரண தண்டனைக்குரிய குற்றங்கள். 1639இல் போர்த்துகீசியர் வெளியேற்றப்பட்டனர். 1641 முதல், ஐரோப்பியருள் டச்சுக்காரர் மட்டும் நாகசாக்கித் துறைமுகத்தில் டெஜிமா என்னும் செயற்கைத் தீவில், ஒரு தெருவின் நீளத்துக்குள் அடைபட்டு வாணிகம் செய்ய அனுமதிக்கப்பட்டனர். சீன வணிகர்க்கும் நாகசாக்கியில் இடம் இருந்தது. கொரியாவுடன் சுஷிமா வழியாகவும், ரியூக்யூ தீவுகளுடன் சத்சுமா வழியாகவும் பண்டமாற்று நடந்துகொண்டேயிருந்தது. 'பூட்டிய நாடு' என்று பள்ளி நூல்களில் படிக்கிறோம். பூட்டு இருந்தது உண்மை. சாவித்துளை பெரிதாகவே இருந்தது என்பதும் உண்மை.

அச்சாவித்துளை வழியே தமிழ்க்கரையின் பொருளும் உள்ளே புகுந்தது என்பதை இங்குச் சொல்லாமல் போக எனக்கு மனமில்லை. பழவேற்காட்டிலும் பின்னர் நாகப்பட்டினத்திலும் கோட்டை வைத்திருந்த டச்சுக் குழுமம், சோழமண்டலக் கரையின் பருத்தித் துணிகளைக் கிழக்கே கொண்டுசென்றது. கோடுபோட்ட ஒருவகைப் பருத்தித் துணிக்கு ஜப்பானியர் வைத்த பெயர் 'சாந்தோமே'. மயிலாப்பூரை அடுத்த சாந்தோம்தான் அது. பிற்காலத்தில் ஜப்பானிய நெசவாளர் அதே மாதிரியைத் தாங்களே நெய்தபோதும் பெயர் மாறவில்லை. மறுதிசையில், ஜப்பானியச் சுரங்கங்களின் செம்பு டச்சுக் கப்பல்களில் ஏறிச் சோழமண்டலக் கரைக்கு வந்து நாணயமும் பாத்திரமும் ஆயிற்று. நம் பாட்டன்மார் கடைத்தெருவில் எண்ணிக் கொடுத்த காசில் ஜப்பானிய மலைகளின் உலோகம் கலந்திருந்திருக்கக் கூடும்.

உள்நாட்டில் ஆட்சி எப்படி இருந்தது? ஏறத்தாழ 260 சிற்றரசுகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு டைம்யோ, அவருக்குக் கீழே வாளேந்திய சாமுராய் வகுப்பார். 1635 முதல் ஒவ்வொரு டைம்யோவும் ஓராண்டு விட்டு ஓராண்டு எடோ நகரில் ஷோகனின் கண்பார்வையில் வாழவேண்டும் என்றும், மனைவி மக்களை அங்கேயே பிணையாக விட்டுச் செல்லவேண்டும் என்றும் விதி செய்தனர். கிளர்ச்சியைத் தடுப்பதே இதன் நோக்கம். விளைந்ததோ வேறு. ஆள் அம்பு பரிவாரங்களோடு போகவும் வரவும், இரண்டு மாளிகைகளைக் கட்டிக் காக்கவும் பணம் வேண்டியிருந்தது. வருவாயோ நெல்லாக வந்தது. சாமுராய்க்கு ஊதியமும் அரிசிதான். அரிசியைக் காசாக்கித் தர ஓசாக்கா வணிகர் இருந்தனர். அவ்வணிகரிடம் டைம்யோக்கள் கடன்பட்டனர். சமூக வரிசையில் கடைசியில் வைக்கப்பட்டிருந்த வணிகன், முதலில் வைக்கப்பட்டிருந்த வீரனின் அடுத்த ஆண்டு அறுவடையையே அடகு பிடித்தான். பெரி வந்து பீரங்கியைக் காட்டியதும் ஜப்பான் ஒரே நாளில் விழித்துக்கொண்டது என்பது அமெரிக்கர் விரும்பிச் சொல்லும் கதை. அந்தச் சமுதாயம் உள்ளுக்குள்ளே முன்னமே உளுத்துக்கொண்டிருந்தது என்பதே என் கணிப்பு.

இனி ஒட்டோகிச்சிக்கு வருவோம். இன்றைய மிஹாமா நகரைச் சேர்ந்த ஓனோவுரா என்னும் கடலோரச் சிற்றூரில் பிறந்தவன். 1832ஆம் ஆண்டின் பிற்பகுதியில் 'ஹோஜுன்மாரு' என்ற சரக்குக் கப்பலில் பதினான்கு பேர் எடோவுக்குப் புறப்பட்டனர். அரிசியும் பீங்கானும் சரக்கு. ஒட்டோகிச்சிக்கு அப்போது பதினைந்து வயதை ஒட்டி இருக்கலாம். புயலில் சுக்கான் முறிந்தது. ஜப்பானியக் கப்பல்கள் கரையோரப் போக்குவரத்துக்கு மட்டுமே ஏற்ற கட்டுமானம் உடையவை. ஆழ்கடலில் சுக்கானை இழந்தால் அவை நீரோட்டத்தின் கையில். பதினான்கு மாதங்கள் பசிபிக் பெருங்கடலில் மிதந்தார்கள். அரிசி இருந்ததால் பசி கொல்லவில்லை. காய்கறி இல்லாமையால் வந்த நோய் ஒவ்வொருவராகக் கொன்றது. 1834இன் தொடக்கத்தில் கப்பல் வட அமெரிக்காவின் மேற்குக் கரையில் ஒதுங்கியபோது உயிருடன் இருந்தோர் மூவர்: இவாகிச்சி, கியூகிச்சி, ஒட்டோகிச்சி.

அப்பகுதியின் மாக்கா பழங்குடியினரிடம் அடிமைகளாக இருந்த மூவரையும் ஹட்சன் விரிகுடாக் குழுமத்தின் அதிகாரி ஜான் மெக்லாக்லின் மீட்டார். இவர்களை வைத்து ஜப்பானுடன் வாணிகத் தொடர்பு ஏற்படுத்தலாம் என்பது அவருடைய எண்ணம். 1835இல் லண்டன் கொண்டுபோகப்பட்டனர். பிரிட்டிஷ் அரசு அந்த யோசனையில் அக்கறை காட்டவில்லை. ஒருநாள் மட்டும் கரையிறங்கி நகரைப் பார்க்க விட்டார்கள். பிறகு மக்காவ் அனுப்பிவிட்டார்கள். நடந்தவற்றை எண்ணிப் பாருங்கள். ஓனோவுராவுக்கும் எடோவுக்கும் இடையே கடற்கரை பார்த்துப் போய்வருவதற்குப் புறப்பட்ட பையன், தன் விருப்பம் ஏதுமின்றி உலகை ஏறக்குறைய ஒரு சுற்றுச் சுற்றிவிட்டான்.

மக்காவில் அவர்களை ஏற்றுக்கொண்டவர் கார்ல் குட்ஸ்லாஃப் என்ற ஜெர்மானியச் சமயப் போதகர். மொழி கற்பதில் வேட்கை உடையவர். மூன்று மாலுமிகளையும் ஆசிரியர்களாகக் கொண்டு யோவான் எழுதிய நற்செய்தியை ஜப்பானிய மொழியில் பெயர்த்தார். அது அச்சேறிய இடம் எது தெரியுமா? சிங்கப்பூர். ஆண்டு 1837. அமெரிக்கச் சமயச் சங்கத்தாரின் அச்சகம் அப்போது இங்கே இயங்கியது. இவ்வூரில் 'சிங்கை நேசன்' என்ற நம் தமிழ்ச் செய்தித்தாள் 1887இல் வெளிவருவதற்குச் சரியாக ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பு, ஜப்பானியர் எவரும் குடியிராத சிங்கப்பூரில், ஜப்பானிய நூலொன்று அச்சாகியது. மொழி மன்றத்தின் மேடை என்பதால் மற்றொன்றும் சொல்கிறேன். அம்மொழிபெயர்ப்பு பேச்சு வழக்கில் அமைந்தது. அதுவும் மாலுமிகளின் ஊர்ப்பேச்சில். முதல் அடியிலேயே வரும் 'வார்த்தை' என்னும் தத்துவக் கலைச்சொல்லுக்கு அவர்கள் 'அறிவுடையவர்' எனப் பொருள்படும் சொல்லை இட்டனர். சமய அறிஞர் இதைக் கண்டு நகைத்திருக்கலாம். எனக்கு நகை வரவில்லை. சரக்குக் கப்பலில் சோறு பொங்கிக்கொண்டிருந்த பையனிடம் கிரேக்கத் தத்துவத்தைக் கொடுத்தால், தான் அறிந்த சொற்களில் மிகச் சிறந்ததை எடுத்து அவன் அதன்மீது வைத்திருக்கிறான்.

அதே 1837ஆம் ஆண்டு கோடையில், அமெரிக்க வணிகர் சார்ல்ஸ் கிங், இம்மூவரையும் கியூஷுவைச் சேர்ந்த வேறு நான்கு கடலனாதைகளையும் 'மோரிசன்' என்ற கப்பலில் ஏற்றித் தாய்நாட்டுக்கு அழைத்துச் சென்றார். நல்லெண்ணத்தைக் காட்டுவதற்காகக் கப்பலிலிருந்த பீரங்கிகளையும் கழற்றி வைத்துவிட்டுப் புறப்பட்டார். எடோ விரிகுடாவின் வாயிலில் உராகாவுக்கு அருகே கப்பல் நங்கூரமிட்டது. ஊர் மலைகள் கண்ணுக்குத் தெரிந்தன. மறுநாள் கரையிலிருந்து குண்டுகள் வந்தன. அயல் கப்பல் எதுவாயினும் மறுசிந்தனையின்றிச் சுட்டு விரட்டுக என்பது 1825ஆம் ஆண்டின் ஆணை. தெற்கே காகோஷிமாவுக்குச் சென்றார்கள்; அங்கும் அதே வரவேற்பு. எழுவரும் மக்காவுக்கே திரும்பினர்.

அந்தக் குண்டுகள் கப்பலைத் தாக்கியதைவிட ஜப்பானின் மனச்சாட்சியை அதிகம் தாக்கின என்பேன். தன் குடிமக்களைக் கொண்டுவந்து சேர்க்க வந்த கப்பலைச் சுடுவதா என்று வத்தனபே கசான், தக்கானோ சோயெய் ஆகிய அறிஞர்கள் எழுதினர். 1839இல் இருவரும் தண்டிக்கப்பட்டனர். கசான் பின்னர்த் தன்னுயிரை மாய்த்துக்கொண்டார். ஆனால் மூன்றே ஆண்டுகளில் அபினிப் போரில் சீனப் பேரரசு தோற்ற செய்தி நாகசாக்கி வழியே வந்து சேர, 1842இல் அதே ஷோகன் அரசு சுடும் ஆணையைத் திரும்பப் பெற்றது.

இப்போது பெரி. 1853ஆம் ஆண்டு ஜூலை மாதம் நான்கு கரிய கப்பல்களோடு உராகாவில் தோன்றிய அமெரிக்கக் கடற்படைத் தளபதி. அவர் வந்த வழியை நம்மில் பலர் கவனிப்பதில்லை. அமெரிக்காவிலிருந்து மேற்கு நோக்கி வராமல், நன்னம்பிக்கை முனையைச் சுற்றி, மொரீஷியஸ், இலங்கையின் காலித் துறைமுகம், பிறகு 1853 மார்ச் இறுதியில் நம் சிங்கப்பூர், அப்புறம் ஹாங்காங் என்று வந்தார். காரணம் நிலக்கரி. நீராவிக் கப்பலுக்கு இத்தனை நாளுக்கு ஒருமுறை நிலக்கரி வேண்டும். அதைக் கொடுக்கும் துறைமுகங்கள் பிரிட்டிஷார் கையில் இந்தியப் பெருங்கடல் நெடுகிலும் வரிசையாக இருந்தன. பசிபிக்கில் அப்படி ஒரு வரிசை இல்லை. ஜப்பான் அந்த வரிசையின் முதற்படியாகவேண்டும் என்பதே அமெரிக்கரின் தேவைகளுள் தலையாயது. திமிங்கில வேட்டைக் கப்பல்களுக்கு உதவி என்பது அடுத்தது. நாகரிகத்தைப் பரப்புவது பற்றிய பேச்செல்லாம் இவ்விரண்டுக்கும் மேலே போர்த்திய துணி.

1854 மார்ச் 31இல் கையெழுத்தான பெரியின் உடன்படிக்கை ஷிமோடா, ஹாக்கோடாத்தே ஆகிய இரு துறைமுகங்களைத் திறந்தது. அவ்வாண்டே அக்டோபரில் பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி ஜேம்ஸ் ஸ்டிர்லிங் நாகசாக்கியில் மற்றோர் உடன்படிக்கை செய்தார். மொழியாளர் ஒட்டோகிச்சி.

இடைப்பட்ட ஆண்டுகளில் அவர் ஷாங்காயில் டெண்ட் வணிக நிறுவனத்தில் வேலை பார்த்தார். தம்மைப்போல் ஒதுங்கிய ஜப்பானியர் பலரைச் சீனக் கப்பல்கள் வழியே ஊருக்கு அனுப்பி வைத்தார். தாம் மட்டும் போகவில்லை. 1849இல் பிரிட்டிஷ் கப்பலில் மொழியாளராக உராகாவுக்குப் போனபோது தம்மைச் சீனர் என்று சொல்லிக்கொண்டார். பதினேழு ஆண்டுகளுக்குப் பின் தாய்மண்ணின் அருகே நின்று, தாய்மொழியில் பேசிக்கொண்டே, அது தன் தாய்மொழியன்று என்று நடிப்பது எத்தகைய துன்பம் என்பதை நான் விளக்க முயலவில்லை.

நாகசாக்கியில் 1854இல் நடந்தது மொழிபெயர்ப்பாளர்கள் அனைவரும் அறிந்துகொள்ள வேண்டியது. கிரிமியப் போர் நடந்த காலம். ரஷ்யக் கப்பல்களுக்கு ஜப்பான் தன் துறைமுகங்களில் இடம் தருமா, பிரிட்டிஷ் கப்பல்கள் அங்கு வரலாமா என்று கேட்டறிவதே ஸ்டிர்லிங்கின் நோக்கம். வாணிக உடன்படிக்கை செய்ய லண்டன் அவருக்கு அதிகாரம் தரவில்லை. ஆனால் ஆங்கிலம், டச்சு, ஜப்பானியம் என்று கைமாறிக் கைமாறி அவருடைய கடிதம் சென்றடைந்தபோது, பெரிக்குத் தந்ததைப்போல் எங்களுக்கும் துறைமுகம் தருக என்று அவர் கேட்பதாக ஜப்பானிய அதிகாரிகள் புரிந்துகொண்டனர். சிறு வயதில் ஊரைவிட்டுப் போன மாலுமிக்கு அரசவைக் கடிதநடை எங்கிருந்து வரும்? வரலாற்றாசிரியர் பலர் இதை ஒரு மொழிபெயர்ப்புப் பிழையின் விளைவாகவே காண்கின்றனர். கேட்காதது கிடைத்தது, நாகசாக்கியும் ஹாக்கோடாத்தேயும் பிரிட்டிஷ் கப்பல்களுக்குத் திறந்தன. ஊர் திரும்பலாம் என்று அப்போது ஒட்டோகிச்சிக்கு அனுமதி கிடைத்தது. ஷாங்காயில் குடும்பம் இருக்கிறது என்று சொல்லி மறுத்துவிட்டார்.

உண்மையான வாணிகம் 1858ஆம் ஆண்டு உடன்படிக்கைகளோடுதான் வந்தது. அவற்றில் இரண்டு கூறுகள் ஜப்பானியரைப் பல்லாண்டுகள் வருத்தின. ஒன்று, ஜப்பானில் குற்றம் செய்யும் அயலாரை அவரவர் தூதரகமே விசாரிக்கும். மற்றொன்று, இறக்குமதித் தீர்வையைத் தன் விருப்பப்படி நிர்ணயிக்கும் உரிமை ஜப்பானுக்கு இல்லை. 1866இல் அது ஐந்து விழுக்காடு என்று கட்டப்பட்டது. முதலாவது 1899இலும் மற்றது 1911இலுமே முழுதாக நீங்கின.

துறைமுகம் திறந்த 1859இலேயே ஒரு விந்தையான கொள்ளை நடந்தது. சட்டப்படியே நடந்ததால் கொள்ளை என்று சொல்வது சிலருக்கு ஒப்பாமல் இருக்கலாம். ஜப்பானுக்குள் ஒரு பங்கு தங்கத்தின் விலை ஏறத்தாழ ஐந்து பங்கு வெள்ளி. உலகச் சந்தையில் அது பதினைந்து பங்கு. யோக்கோஹாமாவில் இறங்கிய அயல் வணிகன் வெள்ளியைக் கொடுத்துத் தங்க நாணயம் வாங்கினான். அதை ஷாங்காயில் விற்றால் வெள்ளி மும்மடங்கு. மீண்டும் வந்தான். இந்த ஒழுக்கை அடைக்க ஷோகன் அரசு 1860இல் தங்க நாணயத்தைச் சிறிதாக்கியது. தங்கம் வெளியேறுவது நின்றது, விலைவாசி ஏறியது. அதே வேளையில் பட்டுப்புழு நோயால் தவித்த ஐரோப்பா ஜப்பானியப் பட்டு நூலை அள்ளிக்கொண்டு போக, கியோட்டோவின் நிஷிஜின் நெசவாளர்க்கு நூல் கிடைக்கவில்லை. அரிசியை ஊதியமாகப் பெற்ற கடைநிலைச் சாமுராய்க்கு வாழ வழியில்லை. அவன் சினம் அயலார் மீதும், அவர்களை உள்ளே விட்ட ஷோகன் மீதும் பாய்ந்தது. உடன்படிக்கையை முன்னின்று முடித்த ஈ நவோசுக்கே 1860 மார்ச்சில் எடோ கோட்டை வாயிலருகே வெட்டிக் கொல்லப்பட்டார். எட்டே ஆண்டுகளில், 1868இல், ஷோகன் ஆட்சியே வீழ்ந்து மெய்ஜி அரசு எழுந்தது.

இதற்கிடையே 1862ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஐரோப்பாவுக்குச் செல்லும் ஜப்பானியத் தூதுக்குழு ஒன்று சிங்கப்பூரில் இறங்கியது. மொழிபெயர்ப்பாளருள் ஒருவர் ஃபுகுசாவா யுகிச்சி. பிற்காலத்தில் கெய்யோ பல்கலைக்கழகத்தை வளர்த்தவர். இன்றைக்கு ஜப்பானியரின் பத்தாயிரம் யென் தாளில் நெடுங்காலம் முகம் காட்டியவர் என்றால் பலர்க்கு நினைவு வரும். டச்சு மொழியை உயிரைக் கொடுத்துக் கற்றவர் அவர். 1859இல் யோக்கோஹாமாவுக்குப் போய்ப் பார்த்தால் கடைப்பலகை ஒன்றும் படிக்க முடியவில்லை, எல்லாம் ஆங்கிலம். மனமுடைந்து வீடு திரும்பி, மறுநாளே ஆங்கிலம் கற்கத் தொடங்கியவர். சிங்கப்பூரில் அவரைத் தேடிவந்து ஜப்பானிய மொழியில் வணக்கம் சொன்னவர் ஒட்டோகிச்சி. அவர் ஷாங்காயை விட்டு இங்கே குடிவந்திருந்த காலம் அது. மனைவி லூயிசா இவ்வூர்த் தொடர்புடையவர், மலாய் வழியினர். சீனாவில் அப்போது நடந்துகொண்டிருந்த கிளர்ச்சியையும் அயலாரின் நடமாட்டத்தையும் ஒட்டோகிச்சி விவரித்ததை ஃபுகுசாவா தம் பயணக் குறிப்பில் எழுதி வைத்தார். ஒருவர் அகராதியும் இலக்கணமுமாக மொழி கற்றவர். மற்றவர் அடிமைக் கொட்டிலிலும் கப்பல் தளத்திலும் கற்றவர். ஜப்பான் முதலாமவரைக் கொண்டாடியது. அதில் தவறில்லை. ஆனால் அன்றைக்குச் செய்தி சொன்னவர் இரண்டாமவர்.

மெய்ஜி அரசு செய்த மாற்றங்களை நீங்கள் நூல்களில் படித்திருப்பீர்கள். 1871இல் சிற்றரசுகள் ஒழிக்கப்பட்டு மாவட்டங்கள் ஆயின. 1872இல் கல்விச் சட்டம், முதல் இருப்புப் பாதை, தொமியோக்கா பட்டாலை. 1873இல் கட்டாயப் படைச்சேவை. 1876இல் சாமுராயின் அரிசி ஊதியம் கடன்பத்திரமாக மாற்றப்பட்டு, இடையில் வாள் செருகும் உரிமையும் பறிக்கப்பட்டது. மறு ஆண்டு சத்சுமாவில் கிளர்ந்தெழுந்த சாமுராயை உழவர் மக்களைக் கொண்ட புதுப்படை தோற்கடித்தது. இத்தனைக்கும் பணம் எங்கிருந்து வந்தது என்பதே நான் நின்று பார்க்க விரும்பும் இடம். தீர்வை விதிக்கும் உரிமை இல்லாத நாடு, சுங்கத்தை நம்ப முடியாது. ஆகவே 1873இல் நிலவரி. விளைச்சலில் பங்கு என்பது போய், நிலமதிப்பில் மூன்று விழுக்காடு, பணமாக, விளைந்தாலும் விளையாவிட்டாலும். உழவர் கிளர்ந்தனர், 1877இல் இரண்டரை விழுக்காடாகக் குறைத்தார்கள். 1880களில் அரிசி விலை சரிந்தபோது வரி கட்ட முடியாமல் நிலத்தை இழந்தோர் ஏராளம்.

அந்த இழப்பின் பெயர்களை ஹவ்காங்கில் காணலாம். அமாக்குசா, ஷிமாபாரா ஆகிய வறண்ட பகுதிகளின் இளம்பெண்கள், சிலர் விற்கப்பட்டும் சிலர் ஏமாற்றப்பட்டும், நிலக்கரி ஏற்றிய கப்பல்களின் அடித்தளத்தில் ஒளிந்து சிங்கப்பூர் வந்தனர். மிடில் ரோடு, மலாய் ஸ்திரீட் விடுதிகளில் உழன்றனர். அவர்கள் அனுப்பிய பணம் ஊரில் வரியும் கடனும் தீர்த்தது. இறந்தபோது புதைக்க இடமில்லை. விடுதி நடத்திய ஃபுத்தாக்கி தகஜிரோ என்பவர்தாம் முன்வந்து தம் நிலத்தில் இடம் கொடுத்தார். 1891இல் அதற்கு அரசின் ஒப்புதல் கிடைத்தது. அங்குள்ள கற்களில் பல முழங்கால் உயரம்கூட இல்லாதவை, எழுத்துத் தேய்ந்தவை. நான் முதன்முறை அங்குச் சென்றபோது அவற்றை எல்லைக்கற்கள் என்றே நினைத்தேன். அதே ஆண்டுகளில் நாகப்பட்டினத்திலிருந்து புறப்பட்ட கப்பல்களில் நம்மவர் வந்து இறங்கிக்கொண்டிருந்தனர் என்பதை நினைவூட்ட வேண்டியதில்லை. நிலக்கரிக் கப்பலில் வந்தவளும் கங்காணியின் பின்னால் வந்தவனும் ஒரே துறைமுகத்தில்தான் இறங்கினர்.

மொழி பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். 1872, 73ஆம் ஆண்டுகளில், பின்னாளில் கல்வி அமைச்சரான மோரி அரினோரி, ஜப்பானிய மொழி நவீன அறிவைத் தாங்காது, ஆங்கிலத்தையே ஏற்கலாம் என்ற கருத்தை முன்வைத்தார். லண்டனில் படித்துக்கொண்டிருந்த பாபா தத்சுயி என்ற இளைஞர் 1873இல் ஜப்பானியத்துக்கு ஓர் இலக்கண நூலை ஆங்கிலத்தில் எழுதி மறுமொழி சொன்னார். அயல்மொழி கற்க ஓய்வுள்ள செல்வர் ஒருபுறமும், ஓய்வில்லாத பெருமக்கள் மறுபுறமும் பிரிந்துபோவர் என்பதே அவர் வாதத்தின் சாரம். பாபாவின் பக்கமே ஜப்பான் நின்றது. நிற்க முடிந்ததற்கு ஓர் அடித்தளம் இருந்தது. 1774இலேயே சுகித்தா கெம்பாக்குவும் தோழர்களும் டச்சு உடற்கூற்று நூலைப் பெயர்த்து, நரம்புக்கு இன்றும் வழங்கும் சொல்லைப் படைத்திருந்தனர். தமிழிலும் அப்படி ஒரு முயற்சி இருந்தது. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மருத்துவர் சாமுவேல் கிரீன், உடற்கூறு முதலிய நூல்களைத் தமிழாக்கி, 1864 முதல் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். அவருடைய மாணவர்க்குக் குறை ஒன்றுமில்லை. ஆனால் அவர் பின்னால் ஓர் அரசு நிற்கவில்லை, பாடத்திட்டம் நிற்கவில்லை, அச்சுக்கூலி கொடுக்க ஆளும் நிற்கவில்லை. சொல்லாக்கத் திறமையில் நாம் பிற்பட்டோம் என்று யாரேனும் சொன்னால் நான் ஒப்பமாட்டேன்.

கடைசியாக, நம் கடற்கரை. தான் பட்டதைப் பிறர்க்குச் செய்வதில் மெய்ஜி ஜப்பான் காலந்தாழ்த்தவில்லை. கப்பல் காட்டி அச்சுறுத்திச் சமமற்ற உடன்படிக்கையில் கையெழுத்து வாங்கும் கலையைப் பெரியிடம் கற்று, இருபத்திரண்டே ஆண்டுகளில், 1876இல், கொரியாவின் மேல் பயன்படுத்தியது. 1910இல் கொரியாவையே விழுங்கியது. 1905இல் ரஷ்யாவை வென்றபோது ஆசியா முழுதும், நம் தமிழ்நாட்டிலும், மகிழ்ந்தார்கள். அம்மகிழ்ச்சியை நான் குறை சொல்லவில்லை. வெள்ளையனை வெல்ல முடியும் என்று அன்றுதான் கண்டார்கள். ஆயினும் 1942 பிப்ரவரி 28ஆம் நாள் பொங்கோல் கடற்கரையில் முந்நூறு முதல் நானூறு சீனக் குடிமக்கள் நிறுத்திச் சுடப்பட்டனர். சூக் சிங் களையெடுப்பில் மாண்டவர்களுள் அவர்களும் அடங்குவர். பல்லாண்டுகளுக்குப் பின்னும் மணலைத் தோண்டியவர்கள் எலும்புகளைக் கண்டனர். இப்போது அங்கே நான்கு மொழிகளிலும் நினைவுப் பலகை இருக்கிறது. கடலுணவு உண்ணச் செல்லும் நம்மில் எத்தனை பேர் அதன் தமிழ்ப் பகுதியைப் படித்தோம்? அடுத்த ஆண்டில், மலாயாத் தோட்டங்களிலிருந்து பல பத்தாயிரம் தமிழர் சயாம் ரயில்பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். 415 கிலோமீட்டர். ஓராண்டுக்குச் சற்றுக் கூடுதலான காலத்தில் முடித்தார்கள். அதற்கு மேலிடமாக இருந்த தென்திசைப் படையின் தலைவர் தெராவுச்சியின் நினைவுக்கல்லும் ஹவ்காங் இடுகாட்டில், அமாக்குசாப் பெண்களின் கற்களுக்கு எட்டும் தொலைவில்தான் நிற்கிறது.

ஒட்டோகிச்சி 1864இல் பிரிட்டிஷ் குடிமகனாகி ஜான் மேத்யூ ஒட்டோசன் என்று பெயர் கொண்டார். ஜப்பானியர் வெளிநாடு செல்லும் தடையை ஷோகன் அரசு 1866இல் நீக்கியது. 1867 ஜனவரி 18ஆம் நாள், ஏறத்தாழ ஐம்பது வயதில், சிங்கப்பூரில் இறந்தார். புக்கிட் தீமா கிறித்தவ இடுகாட்டில் அடக்கம் செய்தனர். 1879இல் அவர் மகன் ஜப்பானுக்குச் சென்றார். நகர வளர்ச்சியில் அவ்விடுகாடு அகற்றப்பட்டு, எச்சங்கள் சுவா சூ காங்கிற்கு மாற்றப்பட்டன. அவர் எங்கே கிடக்கிறார் என்பதே மறந்துபோயிற்று. 2004இல் பழைய பதிவேடுகளைத் துருவிக் கண்டுபிடித்தார்கள். எரியூட்டி, சாம்பலை ஹவ்காங் பூங்காவில் வைத்தார்கள். மறு ஆண்டு மிஹாமாவிலிருந்து வந்த ஊர்மக்கள் அதில் ஒரு பங்கைச் சிறு பெட்டியில் ஏந்தி விமானத்தில் ஓனோவுராவுக்கு எடுத்துச் சென்றனர். ஹோஜுன்மாரு புறப்பட்டு 173 ஆண்டுகள் ஆகியிருந்தன. மீதிச் சாம்பல் இங்கேதான் இருக்கிறது.